லேபிளைப் படியுங்கள் என்றீர்கள், படித்துப் பார்த்தேன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் வந்த கேள்வி பதில் பகுதியை இரண்டு முறை படித்தேன். மருத்துவர் சொன்ன உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் பாக்கெட் உணவு வாங்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். 'வாங்கலாம், லேபிளைப் படித்து வாங்குங்கள்' என்று ஒரே வரியில் பதில் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகவே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். 31 வருடம் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவன். மருந்துக் கையேடு, டெலிபோன் டைரக்டரி, பாடநூல், கல்யாணப் பத்திரிகை எல்லாம் என் கண் வழியாகப் போயிருக்கிறது. பொடி எழுத்து எனக்குப் புதிதில்லை, அதைப் படித்துத்தான் பிழைத்தேன். ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம் ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் சேருகிற கழிவு, ஏறியிருக்கிறது என்றார்கள். அப்புறம் சிறுநீரக மருத்துவர், உணவியல் நிபுணர், ஒரு பெரிய 'சாப்பிடக் கூடாதவை' பட்டியல். உப்பைக் குறைக்கணும், பொட்டாசியத்தைக் குறைக்கணும், பாஸ்பரஸைக் குறைக்கணும். உப்பு புரிந்தது. பொட்டாசியம் எந்தெந்தக் காய்கறி, பழத்தில் அதிகம் என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். பாஸ்பரஸ் என்றதும் எனக்குத் தீப்பெட்டிதான் நினைவுக்கு வந்தது.

அந்தப் பாஸ்பரஸ்தான் கடைசியில் என்னை ஆட்டி வைத்தது. விஷயம் இதுதான். நல்ல சிறுநீரகம் வேண்டாத பாஸ்பரஸை வெளியேற்றிவிடும், கெட்டுப்போன சிறுநீரகத்தால் அது முடியாது. ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 2.5 முதல் 4.5 மி.கி. வரை இருக்க வேண்டியது ஏறிக்கொண்டே போகும், உடம்பு அதைச் சரிக்கட்டப் பார்த்து எலும்பிலிருந்து கால்சியத்தை இழுக்கும், அந்தக் கால்சியம் போய் ரத்தக் குழாய்ச் சுவரில் படியும், ராத்திரியில் தோல் அரிக்கும். எல்லா உணவிலும் கொஞ்சம் பாஸ்பரஸ் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் தானியத்திலும் பருப்பிலும் இருப்பது ஃபைட்டேட் என்ற வடிவில் பூட்டிக் கிடப்பது, அதைத் திறக்கிற நொதி நம் குடலில் இல்லாததால் பாதிக்கும் குறைவாகத்தான் ரத்தத்தில் சேரும். தொழிற்சாலையில் சேர்க்கிற பாஸ்பேட் உப்புக்கு அந்தப் பூட்டு கிடையாது. தண்ணீரில் போட்டால் கரைகிற உப்பு, பெரும்பகுதி அப்படியே உள்ளே போய்விடும். ஆக, பருப்பைத் தள்ளி வைத்துவிட்டுப் பாக்கெட் உணவுக்குப் போகிற நோயாளி தலைகீழாக வேலை செய்கிறார். நான் முதல் ஆறு மாதம் அதைத்தான் செய்தேன். யாரும் சொல்லவில்லை, கையில் கொடுத்த பட்டியலிலும் இல்லை.

சரி, லேபிளைப் படிக்கலாம் என்று உட்கார்ந்தேன். ஊட்டச்சத்து அட்டவணையில் கலோரி இருக்கிறது, புரதம் இருக்கிறது, கொழுப்பு, சர்க்கரை, சோடியம் எல்லாம் இருக்கிறது. பாஸ்பரஸ் இல்லை. ஒரு பாக்கெட் விடாமல் பார்த்துவிட்டேன், சத்து ஏற்றினோம் என்று பெருமையடிக்கிற ஒன்றிரண்டு பானங்களைத் தவிர எதிலும் இல்லை. அமெரிக்காவில் 2016இல் அட்டவணையைத் திருத்தியபோது பொட்டாசியத்தைக் கட்டாயமாக்கினார்கள், பாஸ்பரஸை இஷ்டப்பட்டால் போடலாம் என்று விட்டுவிட்டார்கள். ஒரு நாளைக்கு 800லிருந்து 1000 மி.கி.க்குள் இருங்கள் என்று என் மருத்துவர் எழுதித் தருகிறார், எதில் எத்தனை மி.கி. என்று மட்டும் யாரும் எழுத மாட்டார்களாம். அளவுகோல் இல்லாமல் அளக்கச் சொல்கிற கதை.

அட்டவணை கைவிட்டதால் சேர்மானப் பட்டியலுக்கு வந்தேன். உணவியல் நிபுணர் ஒரு சூத்திரம் சொன்னார்: எந்தப் பெயரிலாவது 'பாஸ்' என்ற சத்தம் கேட்டால் கீழே வைத்துவிடுங்கள். டைசோடியம் பாஸ்பேட், பாலிபாஸ்பேட், பைரோபாஸ்பேட், பாஸ்பாரிக் அமிலம். நல்ல சூத்திரம்தான், ஒரு வாரம் ஓடியது. அப்புறம்தான் பல பாக்கெட்டுகளில் பெயரே இல்லை, எண் மட்டும்தான் இருக்கிறது என்று தெரிந்தது. 'எமல்சிஃபையர் 339, 452', 'ஸ்டெபிலைசர் 451', 'உப்ப வைக்கும் பொருள் 450, 500'. எண்ணுக்குச் சத்தம் ஏது?

இந்த எண்களை வகுத்தது கோடெக்ஸ் ஆணையம், 1963இல் ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து அமைத்தது. ஐரோப்பாவில் அதே எண்ணுக்கு முன்னால் 'ஈ' என்று போடுவார்கள். பெயர் மொழிக்கு மொழி மாறும், எண் மாறாது என்பது நல்ல யோசனைதான், குறை சொல்ல மாட்டேன். எனக்கு வேண்டியவற்றை உட்கார்ந்து மனப்பாடம் செய்தேன். 338 முதல் 341 வரை, அப்புறம் 343, அப்புறம் 450, 451, 452, தனியாக 541. வீட்டில் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறேன். எங்கே எது ஒளிந்திருக்கும் என்பதும் பழகிவிட்டது. கறுப்புக் கோலா என்றால் 338. துண்டு துண்டாகப் பிரித்து வைத்த பதப்படுத்திய சீஸ் என்றால் 339, 452, அது உருகும்போது எண்ணெய் பிரியாமல் இருக்க. கேக், மஃபின், உறைய வைத்த மாவு என்றால் 450, 341, 541, பேக்கிங் சோடாவோடு சேர்ந்து பொங்குவதற்கு. காபியில் போடுகிற வெள்ளைப் பொடி என்றால் 340. உறைய வைத்த இறால், பதப்படுத்திய இறைச்சி என்றால் 451. இந்தக் கடைசி ஆளைக் கொஞ்சம் கவனியுங்கள், இவருடைய வேலை தண்ணீரைப் பிடித்து வைப்பது. சதை மெத்தென்று இருக்கும் என்பார்கள், அது உண்மைதான், கூடவே எடையும் நிற்கும்.

எண் என்றாலே விஷம் என்று கைபேசியில் சுற்றுகிற பட்டியல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் மைத்துனர் வாரம் ஒன்று அனுப்புகிறார். 300 என்பது வைட்டமின் சி. 330 எலுமிச்சையில் இருக்கிற சிட்ரிக் அமிலம். 101 என்பது வைட்டமின் பி2. 948 என்ன தெரியுமா, ஆக்சிஜன். பாக்கெட்டுக்குள் அடைக்கிற வாயு என்பதால் அதற்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். எண்ணைப் பார்த்துப் பயப்படுகிறவர் மூச்சு விடவும் பயப்பட வேண்டியதுதான். என் தொல்லை எண்ணால் வந்ததில்லை. எனக்கு வேண்டாத ஒன்பது எண்களை மற்றவற்றிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரருக்கு என் ஒன்பதும் ஒன்றும் செய்யாது, அவருக்கு 220லிருந்து 228 வரை போகிற சல்ஃபைட் பட்டால் மூச்சு இழுப்பு வந்துவிடும். குடல் எரிச்சலுள்ள இன்னொருவருக்கு 420, 421, 965, 967, சர்க்கரை இல்லாத மிட்டாயில் வருகிற இனிப்பு ஆல்கஹால்கள், வயிறு உப்பிவிடும். ஒவ்வொருவர் கதவுக்குப் பின்னாலும் வேறு வேறு பட்டியல்.

எண்ணும் போட்டு, பெயரும் போட்டு எழுதியிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். கெட்டிக்காரத்தனம் அதற்கு அப்பால் இருக்கிறது. 'மாடிஃபைட் ஸ்டார்ச்' என்று சூப் பொடியிலும் சாஸிலும் பார்த்திருப்பீர்கள். அது ஒரு பொருள் இல்லை, ஒரு குடும்பம். 1404, 1410, 1412, 1413, 1414, 1420, 1442 என்று போகும். அதில் பாதிப் பேர் பாஸ்பேட் சேர்த்துப் பின்னியவர்கள். ஆனால் கோடெக்ஸ் விதியும் ஐரோப்பிய விதியும் இந்தக் குடும்பத்துக்கு ஒரு சலுகை தருகின்றன: 'மாடிஃபைட் ஸ்டார்ச்' என்று பொதுப்பெயர் போட்டால் போதும், எண் வேண்டாம். கோதுமையிலிருந்து வந்தது என்றால் அதைச் சொல்லியாக வேண்டும், குளுட்டன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்காக. பாஸ்பேட் இருக்கிறதா என்று சொல்ல வேண்டியதில்லை. இதில் வருகிற பாஸ்பரஸ் கொஞ்சம்தான், ஒரு கரண்டி சூப்பால் யாரும் சாகப்போவதில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கொஞ்சம் என்று முடிவு செய்ய வேண்டியது நானும் என் மருத்துவரும்தானே?

'ஃபிளேவர்' என்ற சொல்லும் அப்படித்தான். இயற்கையா, செயற்கையா என்று ஓர் அடைமொழி சேர்த்துவிட்டால் உள்ளே எத்தனை பொருள் என்று விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று, கூட்டுச் சேர்மானம். பாக்கெட்டில் போடுகிற ஒரு பொருளே பல பொருள்களால் ஆனது என்று வையுங்கள், உதாரணத்துக்கு ஐஸ்கிரீமுக்கு நடுவில் தூவுகிற பிஸ்கெட் துகள். அது மொத்த எடையில் 5 சதவீதத்துக்குக் கீழே என்றால், கோடெக்ஸ் விதிப்படி அதற்குள் என்ன என்று பிரித்துச் சொல்ல வேண்டாம், ஒவ்வாமைப் பொருள் இருந்தாலோ, அதிலுள்ள சேர்க்கைப் பொருள் முடிந்த பண்டத்திலும் ஏதாவது வேலை செய்தாலோ மட்டும் சொல்ல வேண்டும். அந்த 'வேலை செய்தால்' என்ற இரண்டு சொல்லில்தான் கதவு திறந்து கிடக்கிறது. பிஸ்கெட்டை உப்ப வைத்த 450க்கு ஐஸ்கிரீமில் என்ன வேலை? ஒன்றும் இல்லை. ஆகவே அது பட்டியலில் இல்லை. என் சிறுநீரகத்துக்குத்தான் அந்தச் சட்டம் தெரியாது, அது தன் பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருக்கிறது.

இப்போது நான் ஏமாந்த கதை. ஒரு ரொட்டியைப் பிடித்து வைத்திருந்தேன். எழுத்து எழுத்தாகப் படித்து, 'பாஸ்' இல்லை, எண் இல்லை, பொட்டாசியம் இல்லை என்று நான் தேர்ச்சி கொடுத்தது. ஒரு வருடத்துக்கு மேல் அதையே வாங்கினோம். திடீரென்று ஒரு பரிசோதனையில் பாஸ்பரஸ் 4.4லிருந்து 5.6க்கு ஏறியிருந்தது. மருத்துவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், திருட்டுத்தனமாக எதையோ தின்கிறேன் என்று. வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி, லென்ஸை எடுத்துக்கொண்டு, பழைய புரூஃப் பார்க்கிற மாதிரி ஒவ்வொன்றாக வாசித்தேன். ரொட்டியில் மாட்டியது. அதே உறை, அதே படம், அதே பச்சை நிறம், சேர்மானப் பட்டியலில் மட்டும் புதிதாக 341. எப்போது நுழைந்தது என்று தெரியவில்லை, எத்தனை மாதம் தின்றேன் என்றும் தெரியவில்லை. ஏற்றம் முழுக்க ரொட்டியால்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன், அந்தச் சமயத்தில் இரண்டு கல்யாணமும் வந்துபோயிருந்தன. ஆனால் ரொட்டியை விட்டு, மற்றதிலும் கண்ணை வைத்து, இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது 4.6.

எனக்குக் கோபம் வந்தது நிறுவனத்தின் மேல் இல்லை, முதலில் என் மேல்தான். புரூஃப் வேலையில் முதல் நாள் சொல்லிக் கொடுக்கிற பாடமே, மறுபதிப்பை நம்பாதே என்பதுதான். முதல் பதிப்பு சுத்தமாக இருந்தது என்று மறுபதிப்பைப் படிக்காமல் அனுப்பியவன் வேலை இழந்த கதை அச்சகத்துக்கு அச்சகம் உண்டு. அது தெரிந்தும் ரொட்டி விஷயத்தில் கோட்டை விட்டேன். இப்போது ஒவ்வொரு முறையும் படிக்கிறேன், போன வாரம் வாங்கியதே ஆனாலும். 'நீங்க சாப்பாட்டைச் சாப்பிடுறதே இல்ல, படிக்கிறீங்க' என்கிறாள் என் மனைவி. கடையில் அந்த வரிசையில் நான் நின்றால் பின்னால் வருகிறவர்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விடுகிறார்கள்.

அந்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினேன், பெயர் இங்கே வேண்டாம். செய்முறை மாறினால் உறையின் முன்பக்கத்தில் ஒரு சின்னக் குறிப்பு போடக் கூடாதா என்று கேட்டிருந்தேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. எல்லாச் சேர்மானங்களும் அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் இருப்பதாகவும், என் நலனில் அவர்களுக்கு அக்கறை உண்டு என்றும், கூடவே ஒரு தள்ளுபடிக் கூப்பன். அதே ரொட்டிக்கு.

முன்பக்கம் விளம்பரக்காரர் எழுதுவது, பின்பக்கம் வக்கீல் எழுதுவது என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. முன்பக்கத்தில் நம்மைப் போன்றவர்களைக் குறி வைத்து எழுதுவதில் மிகவும் ஆபத்தானது 'உப்பு குறைக்கப்பட்டது' என்பதுதான். ரத்தக் கொதிப்பு உள்ளவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்குவார். சோடியத்தைக் குறைத்தால் சுவைக்கு எதையாவது போட வேண்டுமே, பல சமயம் போடுவது பொட்டாசியம் குளோரைடு, எண் 508. நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு அது நன்மைகூடச் செய்யும். என் போன்றவருக்குப் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இதற்கு அமெரிக்காவில் 2020 டிசம்பரில் இன்னொரு சௌகரியமும் செய்து கொடுத்தார்கள். 'பொட்டாசியம் குளோரைடு' என்றால் ரசாயனம் மாதிரி ஒலிக்கிறது, வாங்குகிறவர் மிரளுகிறார், ஆகவே 'பொட்டாசியம் உப்பு' என்று எழுதிக்கொள்ளலாம் என்று. நல்ல வேளை, பொட்டாசியம் என்ற சொல்லையாவது விட்டு வைத்தார்கள். உப்புக்கு மாற்று என்று தனி டப்பாவில் விற்பதும் பெரும்பாலும் இதேதான். சிறுநீரகத்தில் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அந்த டப்பாவைத் தொடவே வேண்டாம், இதை மட்டுமாவது நீங்கள் பெரிய எழுத்தில் போடலாம்.

மாத்திரை விஷயம் இன்னும் வேடிக்கை. தண்ணீரில் போட்டால் நுரைத்துக்கொண்டு கரைகிற மாத்திரை இருக்கிறதே, அந்த நுரை சோடியம் பைகார்பனேட்டால் வருவது. உப்பு வேண்டாம் என்றவருக்கு ஒரு நாளில் நாலைந்து போட்டால் அதுவே பெரிய அளவு சோடியமாகிவிடும். மாத்திரையைக் கெட்டியாக்க நிரப்புகிற பொருளில் லாக்டோஸ் இருக்கும், சிலவற்றில் கால்சியம் பாஸ்பேட் இருக்கும். மருந்துக் கடையில் கேட்டேன், விற்பவருக்கு நான் என்ன கேட்கிறேன் என்றே புரியவில்லை. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கிற தாளில் இருக்கும், பிரித்துப் பாருங்கள். அதை மறுபடி அதே மடிப்பில் மடிக்க முடிந்தவரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

என் கதையே பேசிக்கொண்டிருக்கிறேன். என் தங்கை மகளின் பையனுக்குப் பால் ஒவ்வாமை, ஒரு சொட்டு பட்டால் உதடு வீங்கும். அவள் தேட வேண்டியது வேறு அகராதி: கேசின், கேசினேட், வே, லாக்டால்புமின், கீ (நெய்தான்), எல்லாம் பாலிலிருந்து வருபவை. காபியில் போடுகிற பொடி ஒன்றில் முன்பக்கம் 'பால் சேராதது' என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்ததாம், பின்பக்கம் 'சோடியம் கேசினேட், பாலிலிருந்து எடுத்தது' என்று இருந்ததாம். அச்சுப் பிழை என்று நினைத்து என்னிடம் கொண்டுவந்தாள். பிழை இல்லையம்மா, அமெரிக்க விதிப்படி அப்படி எழுதலாம், பக்கத்தில் பாலிலிருந்து வந்தது என்று சொன்னால் போதும் என்றேன். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. செலியாக், அதாவது குளுட்டன் குடலுக்கு ஆகாத நோய், உள்ளவருக்கு 'மால்ட்' என்ற சொல் பொறி, அது பார்லி, அதில் குளுட்டன் உண்டு. அமெரிக்க ஒவ்வாமைச் சட்டத்தில் கோதுமை இருக்கிறது, பார்லி இல்லை. ஐரோப்பாவில் 14 ஒவ்வாமைப் பொருள்களைச் சேர்மானப் பட்டியலுக்குள்ளேயே தடித்த எழுத்து மாதிரி ஏதாவது ஒரு வகையில் தனியாகத் தெரியும்படி எடுத்துக் காட்ட வேண்டும் என்று விதி, எனக்குத் தெரிந்து கண்ணுக்கு உதவுகிற விதி அதுதான்.

சட்டம் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் நினைக்கவில்லை. அமெரிக்காவில் எள்ளை ஒன்பதாவது ஒவ்வாமைப் பொருளாக 2021இல் சேர்த்தார்கள், 2023 ஜனவரி முதல் லேபிளில் எழுதியாக வேண்டும். சில ரொட்டித் தயாரிப்பாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? எள் ஒட்டாமல் இயந்திரத்தைக் கழுவிச் சுத்தமாக வைப்பது கஷ்டம் என்று, இதுவரை எள்ளே இல்லாத ரொட்டியில் வேண்டுமென்றே கொஞ்சம் எள் மாவைச் சேர்த்து, 'எள் உண்டு' என்று எழுதிவிட்டார்கள். லேபிள் உண்மையைச் சொல்கிறது, ரொட்டிதான் சாப்பிட முடியாததாகிவிட்டது. எள் ஒவ்வாத குடும்பங்கள் தவித்துப்போனார்கள்.

மோனோசோடியம் குளூட்டமேட் பற்றி எழுதாவிட்டால் மைத்துனர் கோபித்துக்கொள்வார். அது 621. 1908இல் கிகுனாயே இகெடா என்ற ஜப்பானிய வேதியியலாளர் கடற்பாசிச் சாற்றிலிருந்து அந்தச் சுவையைப் பிரித்தெடுத்தார். அதன் மேல் உள்ள பயத்தின் கதைக்கும் நாம் இப்போது செய்கிற காரியத்துக்கும் ஒரு சம்பந்தம் உண்டு: 1968இல் ஒரு மருத்துவ இதழின் ஆசிரியருக்கு ராபர்ட் ஹோ மேன் குவோக் என்ற மருத்துவர் எழுதிய கடிதத்தில்தான் அது கிளம்பியது. உணவகத்தில் சாப்பிட்டால் பிடரி மரத்துப்போகிறது, காரணம் இதுவா அதுவா என்று சந்தேகமாகத்தான் கேட்டிருந்தார். அதற்குப் பிறகு, யாருக்கு எதைக் கொடுத்தோம் என்று இருதரப்புக்கும் தெரியாமல் செய்த பரிசோதனைகளில் அந்தத் தொல்லை சீராக நிரூபணம் ஆகவில்லை, பயம் மட்டும் நின்றுவிட்டது. எனக்கு 621இல் கவலை அதிலிருக்கிற சோடியம்தான். தவிர்க்கத்தான் வேண்டும் என்றால் எண்ணை மட்டும் தேடாதீர்கள், 'ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட்', 'ஹைட்ரோலைஸ்டு புரோட்டீன்' என்று சாதுவாக உட்கார்ந்திருப்பதிலும் அதே குளூட்டமேட் உண்டு.

இவ்வளவு சொன்ன பிறகு, படித்து என்ன பயன் என்று விட்டுவிடத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து பக்கத்தில் 279 டயாலிசிஸ் நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு செய்து 2009இல் வெளியிட்டார்கள். ஒரு பகுதியினருக்கு, சேர்மானப் பட்டியலில் பாஸ்பேட்டைக் கண்டுபிடிப்பது எப்படி என்று சொல்லிக் கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் சொல்லிக் கொடுக்கப்பட்டவர்களுக்கு ரத்தப் பாஸ்பரஸ் மற்றவர்களைவிட 0.6 மி.கி. கூடுதலாகக் குறைந்திருந்தது. பெரிய எண் இல்லைதான். ஆனால் மருந்து இல்லை, ஊசி இல்லை, படிக்கக் கற்றுக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். என் அனுபவமும் அதோடு ஒத்துப்போகிறது. ஆகவே உங்கள் நிபுணர் சொன்னது தப்பில்லை, பாதியில் நிறுத்திவிட்டார் என்பதுதான் என் வழக்கு. படியுங்கள் என்று சொன்னவர் எதை, எந்தப் பெயரில், எங்கே என்று சொல்லியிருக்க வேண்டும். எவ்வளவு படித்தாலும் சில விஷயம் அதில் இருக்காது, சட்டமே அனுமதித்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால், என்னைப் போல ஆறு மாதம் பருப்பை விட்டுவிட்டுப் பாக்கெட்டைத் தின்ற ஆட்களுக்கு உதவியாக இருந்திருக்கும்.

எழுத்தின் அளவைப் பற்றி ஒரு புரூஃப் ரீடர் பேசாமல் போனால் நன்றாக இருக்காது. ஐரோப்பிய விதிப்படி, வால் இல்லாத சின்ன எழுத்தின் உயரம் 1.2 மி.மீ.க்குக் குறையக் கூடாது, மிகச் சின்னப் பாக்கெட் என்றால் 0.9. 1.2 என்பது ஏறக்குறைய 7 பாயிண்ட் எழுத்து. என் காலத்தில் 7 பாயிண்ட்டில் ஒரு பத்திக்கு மேல் போட்டால் ஃபோர்மேன் திட்டுவார், கண்ணை அவிக்கவா என்று. அதையும் வெள்ளி நிறத் தாளில் மஞ்சள் எழுத்தில் அச்சடித்து, பாக்கெட்டை ஒட்டுகிற மடிப்புக்குள் பாதி வரியை விட்டுவிட்டால், விதியும் மீறப்படவில்லை, நானும் படிக்கவில்லை. சில இறக்குமதிப் பொருள்களில் விலை ஸ்டிக்கரைச் சேர்மானப் பட்டியலின் மேலேயே ஒட்டிவிடுகிறார்கள். நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தபோது கடை ஊழியர் வந்து என்ன சார் பண்றீங்க என்றார். படிக்கிறேன் என்றேன்.

உங்களிடம் கேட்பது இரண்டே காரியம். பாஸ்பரஸையும் பொட்டாசியத்தையும் அட்டவணையில் மி.கி. கணக்கில் போடச் சொல்லி ஒரு தலையங்கம் எழுதுங்கள், கூடவே செய்முறை மாறினால் முன்பக்கத்தில் தேதியோடு சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் 'திருத்திய பதிப்பு' என்று போடுகிறோமே, ரொட்டிக்கு ஏன் கூடாது? அப்புறம் உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் வாரம் ஒரு மூலையில் ஒரு நோய், அதற்கு ஆகாத சேர்க்கைப் பொருள்கள், பெயரும் எண்ணும், வெட்டிக் கதவில் ஒட்டிக்கொள்கிற அளவுக்குப் போடுங்கள். மருத்துவர் ஒருவர் பார்த்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. ராசிபலனுக்குக் கொடுக்கிற இடத்தில் பாதி போதும்.

கடிதம் நீளம், வெட்டுவீர்கள் என்று தெரியும், தாராளமாக வெட்டுங்கள். எண்களை மட்டும் அச்சுக்குப் போகும் முன் ஒரு முறை மூலத்தோடு ஒத்துப் பார்த்துவிடுங்கள். 450ஐ 405 என்று போட்டுவிடாதீர்கள், 405 கடற்பாசியிலிருந்து வருகிற வேறொரு ஆள், அவரால் எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற புரூஃப் ரீடர், உங்கள் பழைய வாசகன்